பின் சீட்டுக்கு மேலே ஒரு பலகை

போன மாதம் மகள் சென்னையில் வாங்கியிருக்கும் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஹாலில் நின்று சோம்பல் முறித்தால் ஒரு கை அடுப்படியிலும் இன்னொரு கை குளியலறைக் கதவிலும் இடிக்கும். மாப்பிள்ளை சுவரில் ஒரு பிடியை இழுத்தார். சுவர் பிளந்து கட்டில் இறங்கியது. "எப்படி அத்தை?" என்றார். நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை என்றேன். அதைச் சொல்லத்தானே பஸ் ஏறிப் போனது.

இதற்கெல்லாம் எங்கே யோசனை கிடைத்தது என்று மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சின்னப் பாய்மரப் படகில் குடித்தனம் நடத்துகிறார்கள். படகுக்கு உள்ளே நம் பூஜை அறை அளவுக்கு ஓர் அறை. படியைத் தூக்கினால் அடியில் அரிசி டப்பா. மேஜையை மடக்கினால் படுக்கை. கூரையில் வலை கட்டித் துணிமணி. "இத்தனூண்டு இடத்துல எப்படி யோசிச்சிருக்காங்க பாரும்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் உங்க தாத்தா லாரியில செஞ்சு பாத்துட்டாருடி" என்றேன். அவள் நம்பவில்லை. லாரி என்றால் அவளுக்கு ஏ.சி. வைத்த இரும்பு முகப்பு. மரத்தில் கேபின் கட்டி, நடுவில் இன்ஜினை உட்கார வைத்து, அதன் சூட்டிலேயே டிரைவர் வெந்துகொண்டு ஓட்டிய காலம் அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிக்கு ஒதுங்கி நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்தானே நீங்களும். அதனால் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு செந்துறைக்குப் பக்கத்தில். ஒரே அறை. அதில் ஒரு மூலை அடுப்படி, ஒரு மூலையில் நெல்லுக் குதிர், மிச்சம் இருக்கிற இடத்தில் இரண்டு பாய் விரிக்கலாம். மூன்றாவது பாய் விரித்தால் கதவு திறக்காது. அப்பா லாரி டிரைவர். மாதத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். அரியலூரில் லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது வீடு அரை மணி பஸ் தூரம்தான். ஆனாலும் வர முடியாது. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது வண்டியில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருக்கிறவன் முன்னால் போய்விடுவான். அப்புறம் இன்னும் இரண்டு நாள் காய வேண்டியதுதான்.

இப்போது வாய் நிறைய அப்பா அப்பா என்று எழுதுகிறேன். ஒன்பது வயது வரைக்கும் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் தண்ணீர் கேட்டால் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். அம்மாவிடம் போய், "தண்ணி வேணுமாம்" என்பேன். அவர் பிஸ்கட் பொட்டலம் நீட்டினால் அது அம்மா கை வழியாகத்தான் என்னிடம் வர வேண்டும். தெருமுனையில் அவர் வண்டியின் ஹாரன் கேட்டதும் நான் என் பாயைச் சுருட்டித் தலையணையை இடுக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கிளம்பிவிடுவேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் அத்தை வீட்டில் இருப்பேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நாலு வீடு தள்ளி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அவளும் இரண்டு ஆடும்தான். நான் போகும்போது வீட்டைப் பெருக்கி வைத்திருப்பாள். வேர்க்கடலை வறுத்து வைத்திருப்பாள். "என்னடி, மூஞ்சி ஏழு நாள் பழசு மாதிரி வாடிக் கெடக்கு" என்பாள். நான் கடலையைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முதல் தடவை எனக்கு ஆறு வயது இருக்கும். அம்மாதான் அனுப்பினாள். "அப்பா அசந்து போயி வந்துருக்காரு. இன்னிக்கு நீ அத்தை வூட்டுல படுத்துக்க. காலையில வந்துடு" என்றாள். அடுத்த முறையும் அப்படியே. ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த உங்களில் எத்தனை பேர் இப்படிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனீர்களோ. ஏன் என்று இந்த வயதில் நமக்குத் தெரியும், அம்மாவை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கும். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆள் வந்தால் என் வீட்டில் எனக்கு இடமில்லை. அவ்வளவுதான். சொல்லி அனுப்புவதற்கு முன்னால் நாமே போய்விடுவோம் என்று ரோஷம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. "நான் வந்தா ஏன் இந்தப் புள்ள ஓடிப்போவுது?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா என்ன சொல்வாள்? நான்தான் அனுப்புகிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்? "உங்களக் கண்டா அதுக்குப் பயம்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். மனுஷர் அதை நம்பிவிட்டார். நம்பிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அடுத்த முறை மீசையை எடுத்துவிட்டு வந்தார். மீசையைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படுகிறது என்று அவராக ஒரு கணக்கு. எனக்கோ மேலுதடு வெளுத்த ஒரு புது ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடையில்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அந்த வருஷம் தூரத்து ஓட்டம் இல்லை. அரியலூரில் சிமெண்ட் ஏற்றிப் பெரம்பலூர், ஆத்தூர், ஆண்டிமடம் என்று பக்கத்து லோடுதான். கூட இருந்த கிளீனர் கல்யாணம் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. "லீவு முச்சூடும் ரெண்டு பேரும் என்கூட வண்டியில இருங்க. புள்ள என்னைப் பாத்துப் பழகட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வண்டியிலயா? அதுல எங்க படுக்கறது, எங்க ஆக்கறது?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ துணிய மட்டும் எடுத்துக்க."

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புருஷன் மேல் சந்தேகம், அதான் கூடவே போகிறாள் என்று கிணற்றடியில் பேச்சு. அத்தை மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு மாசம் முழுசுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வண்டிக்குள் முதன்முதலாக ஏறியபோது டீசலும் பழைய ரெக்சினும் காய்ந்த எலுமிச்சம்பழமும் கலந்து ஒரு வாடை. உதட்டை நக்கினால் சிமெண்ட். எனக்கு ஒரே அதிர்ச்சி, வீட்டைவிடச் சின்னதாக ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதே என்று. வலப்பக்கம் அவர் சீட்டு, இடப்பக்கம் ஒரு சீட்டு, நடுவில் இன்ஜினை மூடிய பானட், பின்னால் குறுக்கே ஒரு நீள சீட்டு. முடிந்தது கதை.

ஆனால் அவர் பதினைந்து நாளாக வரிசையில் நின்ற நேரமெல்லாம் வேலை செய்திருக்கிறார். ஒவ்வொன்றாகக் காட்டினார். பேச்செல்லாம் அம்மாவைப் பார்த்து, காட்டியதெல்லாம் எனக்கு. நீள சீட்டுக்குக் கீல் போட்டிருந்தார். தூக்கினால் அடியில் பெட்டி. அதற்குள் அரிசி, பருப்பு, பாத்திரம் வைக்கத் தனித்தனியாகத் தடுப்பு. அங்கே கிடந்த ஜாக்கியும் ஸ்பேனரும் வெளியே பாடிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குக் குடிபோயிருந்தன. கிழிந்த டயர் டியூபை வார் வாராக நறுக்கிக் கூரையில் குறுக்கும் நெடுக்கும் ஆணி அடித்திருந்தார். துணி, சீப்பு, விசிறி, என் பாடப்புத்தகம் எதைச் செருகினாலும் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் வண்டி குதித்தாலும் விழாது. இடப்பக்கக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. ஒரு கொக்கியை எடுத்தால் இறங்கி நிற்கும். அதன் மேல் அம்மா காய் நறுக்கலாம்.

கடைசியாக நீள சீட்டுக்கு மேலே கையைக் காட்டினார். பின்சுவரோடு ஒட்டி ஒரு பலகை மடிந்து நின்றது. இரண்டு சங்கிலியை விட்டதும் இறங்கித் தொங்கியது. அதற்கு முன்னால் கம்பி கட்டி, அவருடைய பழைய வேட்டியைத் திரையாகப் போட்டிருந்தார்.

"இது புள்ளைக்கு" என்றார் அம்மாவிடம். "என் மூஞ்சியப் பாக்கப் பயமா இருந்தா திரைய இழுத்து வுட்டுக்கட்டும்."

ஏறிப் படுத்துப் பார்க்கச் சொன்னாள் அம்மா. ஏறினேன். தலையை வைத்துக் காலை நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே பலகையே இல்லை. இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

அம்மா என் காலையும் அவரையும் பார்த்தாள். "எந்த அளவுங்க இது?"

அவர் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். "இவ்ளோதானே இருப்பா?"

"அது ரெண்டாவது படிக்கறப்ப. இப்ப நாலு முடிச்சிட்டா."

அவர் படியில் இறங்கி உட்கார்ந்தார். பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை. பலகைக்கு ரம்பம் பிடித்து, இழைத்து, முள் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இத்தனையும் செய்தவருக்கு மகளின் உயரம் தெரியவில்லை. அவர் மனதில் நான் இரண்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது புரியவில்லை. என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேனே என்று கோபம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கயிற்றோடு வந்தார். "கீழ இறங்கு. செருப்பக் கழட்டிட்டு நேரா நில்லு" என்றார். என்னிடம் நேராகப் பேசினார். கயிற்றின் ஒரு முனையை என் காலால் மிதிக்கச் சொல்லி, மறுமுனையை உச்சந்தலை வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். அவர் விரல் என் தலைமுடியில் பட்டது. விலகவில்லை நான். கயிறு ஆடிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பலகையின் கால்மாட்டில் இன்னொரு துண்டைக் கீல் போட்டுச் சேர்த்தார். வேண்டும்போது விரித்து, மற்ற நேரம் மடக்கி வைக்கலாம். படுத்துப் பார்த்தேன். காலுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. "இது எதுக்காம்?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இன்னும் வளரமாட்டியா?" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் குடித்தனம். ராத்திரி அம்மா நீள சீட்டில், நான் பலகையில், அவர் கேபினுக்கு மேலே கேரியரில் தார்ப்பாய் விரித்து. அவர் புரண்டு படுத்தால் என் தலைக்கு நேர் மேலே மரம் கிறீச்சிடும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

அம்மா இரண்டே நாளில் வண்டியை வீடாக்கிவிட்டாள். பானட் சூடு எதற்காவது ஆகும் என்று அதன் மேல் துணி காய வைத்தாள், குழம்பைச் சூடாக வைத்தாள். ஒருநாள் இட்லி மாவைப் புளிக்க வைத்தாள். பெரம்பலூருக்குள் நுழையும்போது மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கியர் ராடு வரைக்கும் ஓடியது. அவர் கை வழுக்கி, "இது என்னாடி வண்டியில வெண்ணெய்?" என்றார். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

கிளீனர் வேலையும் அம்மா தலையில் விழுந்தது. வண்டி பின்னால் வரும்போது ஒருவர் இறங்கி நின்று, வா வா என்று கத்த வேண்டும். புருஷனை எப்படி வா என்பது? பெரம்பலூர் குடோனில் முதல் தடவை அவள் பின்னால் நின்று, "வாங்க... வாங்க... இன்னுங் கொஞ்சம் வாங்க... நில்லுங்க, நில்லுங்க, போதுங்க" என்றாள். மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் அரியலூர் வரிசையில் எங்கள் வண்டிக்கு அதுவே பேராகிவிட்டது. "வாங்க வாங்க வண்டி வருதுப்பா, வழி வுடு" என்பார்கள். அப்பாவுக்குக் கூச்சம். அம்மா மசியவில்லை. "வாயில வராதத எப்படிச் சொல்றது" என்று கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

நான் திரையை முதல் நாள் முழுக்க மூடி வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு விரல் அளவு திறந்தேன். அவர் பிடரியும் துண்டும் தெரிந்தன. மேட்டில் வண்டி திணறும்போது, "ஏறும்மா, ஏறு தாயி" என்று வண்டியிடம் பேசுவார். என்னிடம் பேச அவருக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரை பகலெல்லாம் ஓரமாகவே கிடந்தது. ஆனாலும் நான் அவரைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் பழையபடி பாயைச் சுருட்ட வேண்டியதுதானே என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆண்டிமடத்தில் ஒருநாள் லோடு இறக்கிவிட்டு முந்திரித் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினோம். முந்திரிப் பழம் கீழே விழுந்து நொதித்து ஊரே தித்திப்பாய் நாறியது. அம்மா பாத்திரம் கழுவப் பம்ப்செட்டுக்குப் போயிருந்தாள். அவர் ஒரு பழத்தைக் கொட்டை திருகி எடுத்துவிட்டு, உப்புத் தொட்டு என்னிடம் நீட்டினார். நேராக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தொண்டை கரகரத்தது.

"என்னைக் கண்டா உனக்கு என்னா பயம்?" என்றார். மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல."

"பொறவு நான் வந்தா ஏன் ஓடிப்போயிடற?"

"நான் எங்க ஓடறேன்? அம்மாதான் அனுப்பிச்சிச்சு. இப்ப நானே போயிடறேன்."

"எதுக்கு அனுப்பிச்சிச்சு?"

"நீங்க படுக்கணும்ல. நீங்க வந்தா எனக்கு எடம் இல்ல."

சொல்லிவிட்டுப் பழத்தைக் கடித்தேன். எனக்கு அது ஊரறிந்த விஷயம். அவர் கையில் இருந்த பழம் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மீசை திரும்ப வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே உதடு கோணியது.

அம்மா ஈரப் பாத்திரங்களோடு வந்தாள். "புள்ளைய நீ அனுப்பிட்டு, அது பயந்து ஓடுதுன்னு என்கிட்ட சொன்னியா?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாத்திரத்தை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள். "வேற என்னன்னு சொல்லச் சொல்றீங்க?" என்றாள். குரல் பாதிதான் வந்தது. "மாசத்துல ரெண்டு நாளு. இருக்கறது ஒரு ரூமு."

அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. முகம் சிவந்து போய் எழுந்தார். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கக் கிளம்பினார். ஆறு டயரையும் தட்டினார். ஸ்டெப்னியைத் தட்டினார். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அம்மா முகத்தை மறைத்துக்கொண்டு பாத்திரத்தைப் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பலகையில் ஏறித் திரையை இழுத்துவிட்டேன். இரண்டு பேரும் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. மறுநாள் சரியாகிவிட்டார்கள். ஆனால் நான் சொன்னதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் மறந்துபோவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எங்களை வீட்டில் இறக்கிவிட்டு அவர் போனார். அந்தப் பலகை இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து முதலாளி வண்டியை விற்றார், பலகையும் டியூப் வாரும் அதோடு போயின. முடிச்சுப் போட்ட கயிற்றை எதைக் கட்ட எடுத்தோமோ தெரியவில்லை. நான் சொல்ல வந்தது அது இல்லை. அவர் அடுத்த முறை வந்த நாளைத்தான்.

சாயங்காலம் ஹாரன் கேட்டது. அன்று நான் பின்பக்கமாக ஓடவில்லை. வாசலில் நின்றேன். அவர் வந்தார், கை கால் கழுவினார், என்னைப் பார்த்து, "அஞ்சாப்பு வாத்தியார் எப்படி?" என்றார். சொன்னேன். எல்லோரும் சாப்பிட்டோம். வெளிச்சம் மங்கி அம்மா விளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு என் பாய் இருந்த மூலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கேவலப்படுவதற்கு முன்னால் நாமே கிளம்பிவிடுவோம் என்று பாயைச் சுருட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார்.

"அத்தை வூட்டுக்கு."

அவர் எழுந்தார். தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவருடைய தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"வண்டிக்கு. ஒருத்தருக்கு எடம் இல்லன்னா அது நானா இருந்துட்டுப் போறேன். நான் மாசத்துல ரெண்டு நாள் வர்றவன். இது அவ வூடு."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கோபத்தில் போகவில்லை. கடைக்குப் போகிற மாதிரி சாதாரணமாகப் போனார். நான் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். முழு அறையும் எனக்கு. மூன்று வருஷமாக நான் கேட்டது இதுதான். அவர் முதுகு தெருவில் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அது தாங்கவில்லை.

"அப்பா" என்றேன்.

நின்றார். திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் போல நின்றார்.

"அப்பா, நானும் வரேன்" என்று கத்திக்கொண்டு பாயோடு ஓடினேன். ஓடி அவர் இடுப்பில் முட்டினேன். அவர் என் தலையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பின்னால் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது. அம்மா விளக்கை அணைத்துவிட்டுத் தலையணையோடு வந்துகொண்டிருந்தாள். "நான் மட்டும் என்ன, வூட்டுக்குக் காவலா?" என்றாள்.

மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். நான் சங்கிலியை விட்டுப் பலகையை இறக்கினேன். அம்மா சிரிக்கிறாள், அப்பா சிரிக்கிறார், எதற்கு என்று தெரியாமல் நானும் சிரிக்கிறேன். அப்போது அத்தை வந்தாள். ஹாரன் கேட்டதிலிருந்து எனக்காகக் காத்திருந்துவிட்டு, நேரமாகிறதே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் பூட்டு. சிரிப்புச் சத்தம் லாரியிலிருந்து வருகிறது. மடியில் வறுத்த கடலை, சூட்டுக்கு முந்தானையால் பிடித்துக்கொண்டிருந்தாள். கேபினை அண்ணாந்து பார்த்து எங்கள் மூன்று பேரையும் எண்ணினாள்.

"இனிமே இவ வரமாட்டாளா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அவளும் சிரித்தபடிதான் கேட்டாள். "அப்ப எனக்கு எங்கடா எடம்?" என்றாள்.

அதில் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரிய எத்தனை வருஷம் ஆயிற்று. மாதத்தில் இரண்டு ராத்திரி அவள் வீட்டில் இன்னொரு மூச்சு இருந்தது. அந்த மூச்சு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாதது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இடது கதவைத் திறந்து குனிந்து கையை நீட்டினார்.

"கால அந்தப் படியில வச்சு ஏறுக்கா" என்றார்.

ஆட்டைக் கட்டிவிட்டோமா என்று அத்தை ஒரு நிமிஷம் யோசித்தாள். கடலையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.